வீட்டு வேலைக் கொள்கை: கொழும்புக் கம்பனிகள் எங்கே தடக்குப்படுகின்றன

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். கொழும்பில் எழுபது பேரளவில் வேலை செய்யும் கம்பனி. பாதிப் பேர் மென்பொருள், மீதிப் பேர் இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களின் கணக்கு வேலை. 2020 தொடக்கம் வீட்டிலிருந்து வேலை நடக்கிறது, ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லை. இப்போது பணிப்பாளர் ஐந்து நாளும் எல்லோரும் ஒபிஸுக்கு வரவேண்டும் என்கிறார். நல்ல ஊழியர்கள் சிலர் வேறு இடம் தேடத் தொடங்கிவிட்டார்கள். மனிதவளப் பிரிவில் இருக்கும் உங்களிடம் கொள்கை எழுதும் பொறுப்பு வந்திருக்கிறது. மூன்று நாள் ஒபிஸ், இரண்டு நாள் வீடு என்று இரண்டு பக்க வரைவு ஒன்றை எழுதி, இதில் என்ன சிக்கல் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொழும்பில் மனிதவள வேலையில் நீண்ட காலம் இருந்துவிட்டு, இப்போது சிறிய, நடுத்தரக் கம்பனிகளுக்கு இப்படியான கொள்கைகளை எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் வரைவில் மூன்றா, இரண்டா என்பது பெரிய பிரச்சினை இல்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. "விசேட சந்தர்ப்பங்களில் பிரிவு முகாமையாளரின் விருப்பப்படி மாற்றங்கள் செய்யப்படலாம்." கொள்கை உடையப்போவது அந்த வரியில்தான். அது அப்படியே இருந்தால் ஆறு மாதத்தில் உங்களிடம் ஒரு கொள்கை இருக்காது. முகாமையாளர் எத்தனை பேரோ அத்தனை கொள்கை இருக்கும்.

ஏன் என்று விளங்க, நாம் இதற்குள் எப்படி வந்தோம் என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். 2020 மார்ச் 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது யாரும் கொள்கை எழுதவில்லை. கொம்பியூட்டரைக் கழற்றி முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பிறகு 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. ஜூனில் பெற்றோல் இல்லாமல் அரச ஊழியர்களையே வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை வந்தது. அந்த நாட்களில் நிலைமை தலைகீழாக இருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை, ஒபிஸில் ஜெனரேட்டர் இருந்தது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருந்தவர்கள் நடந்தாவது ஒபிஸுக்குப் போனார்கள். கடவத்தை, பாணந்துறைக்காரருக்கு அதற்கும் வழியில்லை.

இந்த இரண்டு காலத்திலிருந்தும் இரண்டு விதமான ஞாபகம் மிச்சம் இருக்கிறது. பணிப்பாளருக்கு, "நாங்கள் விட்டுக்கொடுத்தோம், சம்பளத்தையும் நிறுத்தவில்லை, இப்போது திரும்பி வரட்டும்" என்ற ஞாபகம். ஊழியருக்கு, "எங்கள் கரண்டில், எங்கள் டேட்டாவில், எங்கள் சாப்பாட்டு மேசையில் கம்பனியைக் காப்பாற்றினோம், இப்போது எங்களை நம்பவில்லை" என்ற ஞாபகம். மற்றவர் தனக்குக் கடன்பட்டிருப்பதாக இருவருமே நினைக்கிறார்கள். உங்கள் கொள்கை பற்றிய முதல் கூட்டத்தில் சத்தம் கூடினால் அதற்குக் காரணம் இதுதான். அந்தக் கூட்டத்தில் 2020ஐயும் 2022ஐயும் நீங்களே முதலில் எடுத்துச் சொல்லி, ஊழியர் செய்ததற்கு நன்றியும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இதில் பசப்பு ஒன்றும் இல்லை, நடந்ததைத்தான் சொல்கிறீர்கள்.

சரி, முகாமையாளர் விருப்பத்துக்கு வருகிறேன். நடப்பது இப்படித்தான். ஒரே வேலை செய்யும் இரண்டு பேர் இரண்டு முகாமையாளரின் கீழ் இருக்கிறார்கள். ஒருவர் வாரத்தில் நாலு நாள் வீட்டில், மற்றவர் ஐந்து நாளும் 138ஆம் இலக்க பஸ்ஸில் மஹரகமவிலிருந்து தொங்கிக்கொண்டு வருகிறார். காரணம் கேட்டால், "அவரின் முகாமையாளர் விட்டார்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கூச்சப்படாமல் கேட்பவருக்குக் கிடைக்கிறது. கேட்கத் தயங்குபவருக்கு, அநேகமாகப் புதிதாகச் சேர்ந்தவருக்கு, கிடைப்பதில்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வேலை செய்ய அனுமதி கிடைக்கிறது. மாத்தறைச் சிங்களப் பிள்ளை புதுவருடத்துக்கு அதையே கேட்கும்போது இன்னொரு முகாமையாளர் முடியாது என்கிறார். இரண்டு தீர்மானத்துக்கும் வேலை சார்ந்த நியாயம் இருக்கலாம். ஆனால் காரணம் எழுத்தில் இல்லாத இடத்தில் ஆட்கள் தாங்களாகவே ஒரு காரணத்தைப் போட்டுக்கொள்வார்கள். அது எந்தப் பக்கம் போகும் என்று கொழும்பில் வேலை செய்யும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மதிய உணவு மேசைகள் பிரிவது இப்படித்தான் தொடங்குகிறது.

எனவே ஆளைப் பார்த்து முடிவெடுக்காமல் வேலையைப் பார்த்து முடிவெடுங்கள். அதுவும் பதவிப் பெயரை வைத்து அல்ல, செய்யும் காரியத்தை வைத்து. "கணக்காளர் ஒபிஸில், மென்பொருளாளர் வீட்டில்" என்று எழுதினால் அதுவும் பிழைக்கும். கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் மாதத்தில் சில நாட்கள் வவுச்சர், காசோலை, வங்கிக் கடிதம் என்று கடதாசியோடு இருக்கவேண்டும். மிச்ச நாட்களில் அவர் செய்வது முழுக்கத் திரையில்தான். மென்பொருள் பிரிவிலும் அப்படியே: கோட் எழுதுவதை எங்கேயும் செய்யலாம், புது வேலையொன்றைத் தொடங்கும் முதல் வாரத்தில் எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் பல நாள் மிச்சமாகும். ஒவ்வொரு பிரிவையும் ஒரு தாளில் தங்கள் காரியங்களை எழுதச் சொல்லுங்கள். எதற்கு ஆள் இடத்தில் இருக்கவேண்டும், ஏன் என்று ஒரு வரி. முகாமையாளரும் ஊழியரும் சேர்ந்து எழுதவேண்டும். அந்தத் தாள்தான் உங்கள் கொள்கையின் உண்மையான உள்ளடக்கம். முன்பக்கத்தில் வரும் நாள் கணக்கு அதிலிருந்து தானாகப் பிறக்கும்.

விதிவிலக்கு இல்லாமல் முடியாது, அது உண்மை. ஒருவரின் அம்மாவுக்கு மஹரகம ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடக்கும், ஒருவருக்குக் கால் முறியும். அதற்கு இப்படி எழுதலாம்: "இந்த ஏற்பாட்டிலிருந்து விலக்குக் கோருபவர் காரணத்தையும் காலத்தையும் மின்னஞ்சலில் குறிப்பிடவேண்டும். முகாமையாளரும் மனிதவளப் பிரிவும் சேர்ந்து ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் வேலை சார்ந்த காரணம் குறிப்பிடப்படவேண்டும். ஒரு விலக்கு மூன்று மாதத்துக்கு மேல் போகாது, தேவையானால் மீண்டும் கோரலாம்." நாலு வரிதான். ஆனால் இதன் பிறகு "அவருக்கு மட்டும் எப்படி" என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும்.

அடுத்தது நேரம். சட்டச் சிக்கல் அதிகம் இருப்பது இங்கேதான், கம்பனிகள் அதிகம் கண்ணை மூடிக்கொள்வதும் இங்கேதான். உங்கள் ஊழியர்களுக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி, அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு, வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. வருபவர் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்து, போகும்போது கையெழுத்துப் போட்டு வெளியே போகும் ஒபிஸை நினைத்து எழுதிய சட்டம் அது. ஊழியர் வீட்டில் இருக்கிறார் என்பதற்காக அந்த எட்டு மணி பத்தாகிவிடாது. கதவு மட்டும்தான் இல்லாமல் போகிறது, கணக்கு அப்படியே இருக்கிறது.

உங்கள் வாடிக்கையாளர் இருக்கும் இடங்களைப் பாருங்கள். இங்கிலாந்தில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அவர்கள் மாலை ஐந்துக்கு மூடும்போது நமக்கு இரவு ஒன்பதரை, பத்தரை. மெல்பேர்னில் காலை ஒன்பது, நமக்கு விடிய நாலரை, அவர்களின் கோடையில் மூன்றரை. ஒபிஸுக்கு வரும் காலத்தில் இதற்கு ஷிஃப்ட் இருந்தது, வான் இருந்தது, இரவுச் சாப்பாடு இருந்தது. வீட்டிலிருந்து என்றானதும் ஷிஃப்ட் சத்தமில்லாமல் கரைந்துபோனது. காலை ஒன்பதுக்கு உள்ளூர்க் கூட்டம், இரவு ஒன்பதுக்கு வாடிக்கையாளர் அழைப்பு, இரண்டுக்கும் ஒரே ஆள். இடையில் மூன்று மணிநேரம் "ஃப்ரீதானே" என்பார்கள். அந்த மூன்று மணிநேரமும் அவர் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் தொடக்கம், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கு, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, பதில் சொல்லாமல் இருக்க ஊழியருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. அதே வாடிக்கையாளருக்காக இங்கே வேலை செய்யும் உங்கள் பிள்ளைக்கு அது இல்லை. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கம்பனியே எழுதலாம்.

நான் எழுதிக் கொடுப்பது இதுதான்: ஒவ்வொரு குழுவுக்கும் எல்லோரும் கிடைக்கவேண்டிய நாலு மணிநேரம் ஒன்று. இங்கிலாந்துக் குழுவுக்குப் பகல் இரண்டு முதல் ஆறு வரை என்று வையுங்கள். மிச்ச நாலு மணியை ஊழியர் முன்னாலோ பின்னாலோ தொடர்ச்சியாக வைத்துக்கொள்ளலாம், ஒரு நாளை இரண்டு துண்டாக வெட்டக்கூடாது. இரவு அழைப்பு இருந்தால் அடுத்த நாள் காலைக் கூட்டத்துக்கு அவர் வரத் தேவையில்லை. மேலதிக நேரத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும், ஆனால் அனுமதி இல்லாமல் முகாமையாளர் வேலை வாங்கியிருந்தாலும் காசு கொடுக்கவேண்டும். இந்தக் கடைசி வரியைப் பணிப்பாளர் வெட்டப் பார்ப்பார். விடாதீர்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு வந்தால் இரவு பதினொரு மணி வட்ஸ்அப் செய்திகளைத்தான் ஊழியர் எடுத்து வைப்பார்.

நியமனக் கடிதத்தையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். வேலை இடம் கொழும்பு ஒபிஸ் என்று இருக்கும். ஆனால் ஐந்து வருடமாக வீட்டிலிருந்து வேலை வாங்கியிருக்கிறீர்கள். வழக்கத்தில் வந்தது எவ்வளவு தூரம் நிபந்தனையாகிவிட்டது என்ற வாதம் தொழில் நியாய சபை வரை போகக்கூடியது. அதனால் ஒரு சுற்றறிக்கையோடு முடித்துக்கொள்ளாமல், ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதத்தோடு இணைக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, இருபக்கமும் கையெழுத்து வையுங்கள். வேலை இடங்கள் எவை, எந்த நேரம், ஏற்பாட்டை மாற்ற எவ்வளவு கால அறிவித்தல் என்பன அதில் இருக்கட்டும். வீட்டில் வேலை நேரத்தில் ஒரு விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் எழும் கேள்வி, அது வேலையின்போது வேலையால் நடந்ததா என்பது. இடமும் நேரமும் எழுத்தில் இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. இதை மட்டும் ஒரு தொழிற்சட்ட வழக்கறிஞரிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள். அந்தச் செலவுக்குத் தயங்கவேண்டாம்.

இனி வீடு. கொள்கை எழுதுபவர்கள் மனதில் ஒரு வீடு இருக்கிறது. தனி அறை, மேசை, ஏசி, ஃபைபர் இணைப்பு. பணிப்பாளரின் வீடு அப்படித்தான் இருக்கும். உங்கள் ஊழியரின் வீடு பெரும்பாலும் அப்படி இல்லை. வெள்ளவத்தையில் இரண்டு அறை அடுக்குமாடி வீடு ஒன்றை எனக்குத் தெரியும். ஐந்து பேர். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் மகள் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் மடக்குமேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். சிக்னல் ஜன்னலடியில்தான் கிடைக்கும் என்பதால் ரூட்டர் கொடிக்கம்பியில் தொங்குகிறது. பின்னால் அம்மாவின் குக்கர், பக்கத்தில் தம்பியின் ஒன்லைன் டியூஷன், கீழே காலி வீதியின் வாகன இரைச்சல். வாடிக்கையாளர் அழைப்பு வரும்போதெல்லாம் அவர் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கட்டிலில் உட்காருகிறார். அந்த நேரம் அப்பா எழும்பி வெளியே வரவேண்டும். "கேமரா கட்டாயம் போடவேண்டும்" என்று முகாமையாளர் சொல்லும்போது காட்டச் சொல்வது அந்தக் கட்டிலை. கேமராவை வாடிக்கையாளர் கூட்டங்களுக்கு மட்டும் வையுங்கள், பின்னணியை மறைக்க அனுமதியுங்கள், உள்கூட்டங்களில் குரல் போதும். இவரைப்போன்றவர்கள் பலர் ஐந்து நாளும் ஒபிஸுக்கு வரத்தான் விரும்புவார்கள். வர விரும்புபவருக்கு எந்த நாளும் ஒரு மேசை இருக்கவேண்டும். மேசைகளைக் குறைத்து வாடகையை மிச்சம் பிடிக்கும் அவசரத்தில் இதைப் பல கம்பனிகள் மறந்துவிடுகின்றன.

செலவைப் பாருங்கள். வீட்டு மின்கட்டணம் நம் நாட்டில் அலகு கூடக் கூட, கூடும் அலகுக்குரிய விலையும் ஏறும்படி அமைந்தது. படி தாண்டினால் நிலையான கட்டணமும் ஏறும். கூட்டுக் குடும்பத்தில் மீட்டர் ஒன்றுதான். ஏற்கெனவே மேல்படிக்கு அருகில் இருக்கும் வீட்டில் பகல் முழுக்க ஒரு ஃபேனும் லப்டொப்பும் ஓடினால், அந்த வித்தியாசத்தைக் கட்டுவது பெரும்பாலும் அப்பாவின் ஓய்வூதியம். கம்பனிக்கு மிச்சமாகும் கரண்ட் அந்த வீட்டு பில்லில் வருகிறது. எனவே ஒரு கொடுப்பனவு வைக்கவேண்டும், சின்னத் தொகையென்றாலும் பரவாயில்லை. எல்லோருக்கும் மாதாமாதம் ஒரே தொகை கொடுப்பதா, பில்லைக் காட்டினால் திருப்பிக் கொடுப்பதா என்பதை உங்கள் கணக்காளரோடு முதலிலேயே தீர்மானியுங்கள். வருமான வரிக் கழிப்பு, ஊழியர் சேமலாப நிதிக் (ஈபிஎஃப்) கணக்கு இரண்டையும் அது தொடக்கூடும். சேமலாப நிதிக்கு நீங்கள் கட்டும் பன்னிரண்டு வீதத்தையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் (ஈடிஎஃப்) கட்டும் மூன்று வீதத்தையும் எந்தத் தொகையில் கணக்கிடுவது என்ற கேள்வி, வருடக் கடைசியில் எழுவதைவிட இப்போதே எழுவது நல்லது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு சிக்கியதைத் தொடர்ந்து நாடு முழுக்க இருண்டது ஞாபகம் இருக்கும். அது ஞாயிற்றுக்கிழமை. ஆனால் நுரைச்சோலை அனல்மின் நிலையம் உடனே திரும்ப இயங்காததால் அடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் வெட்டு நடந்தது, அவை வேலை நாட்கள். சில கம்பனிகளில் அரை நாள் லீவு வெட்டினார்கள், சிலவற்றில் கண்டுகொள்ளவில்லை, சிலவற்றில் இரண்டும் நடந்தது. கரண்ட் நீண்ட நேரம் போனால் சிக்னல் கோபுரங்களின் பற்றரியும் இறங்கிவிடும், கைபேசி டேட்டாவையும் நம்பமுடியாது. நான் எழுதுவது: கரண்டோ இணையமோ போனால் அரை மணிக்குள் ஒரு செய்தி. இரண்டு மணிநேரத்துக்கு மேல் நீண்டால் ஒபிஸுக்கு வரலாம், அல்லது அன்றைய வேலையை அதே வாரத்தில் நகர்த்தலாம். லீவு வெட்டப்படாது. அடிக்கடி இப்படி நடக்கும் வீடென்றால் அதைத் தண்டனையாகப் பார்க்காமல், சின்ன யூபிஎஸ் ஒன்றைக் கம்பனி கொடுப்பதா, ஒபிஸ் நாட்களைக் கூட்டுவதா என்று பேசி முடிவெடுக்கவேண்டும்.

பணிப்பாளர் கேட்கும் கேள்வி எப்படியும் வரும்: வீட்டில் இருந்தால் வேலை நடக்கிறதா? இதற்கு உணர்ச்சியால் பதில் சொல்லாமல் ஆய்வைக் காட்டுங்கள். சீனாவின் ட்ரிப்.கொம் கம்பனியில் 1,612 பேரை வைத்து, பிறந்த திகதி ஒற்றையா இரட்டையா என்று பார்த்துப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கொடுத்தார்கள். நிக்கொலஸ் புளூம் என்ற பொருளியலாளரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு, 2024இல் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்தது. இரண்டு வருடம் பார்த்ததில் வேலை மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ வித்தியாசம் இல்லை. விலகிப்போவோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இன்னொன்று உங்கள் பணிப்பாளருக்கு மிகவும் பொருந்தும்: அந்த முகாமையாளர்கள் தொடக்கத்தில் உற்பத்தி குறையும் என்று கணித்தார்கள், முடிவில் அவர்களின் கணிப்பே கொஞ்சம் கூடும் என்று மாறியிருந்தது. செய்து பார்த்தபிறகுதான் மனம் மாறியது. பேச்சால் மாறவில்லை.

ஆனால் அந்த ஆய்வை நேர்மையாகப் பாவியுங்கள். அது வாரத்தில் இரண்டு நாள் பற்றியது, ஐந்து நாள் பற்றியது அல்ல. அதே கம்பனியில் புளூம் முன்பு செய்த ஆய்வில், 2015இல் வெளிவந்தது, கோல் சென்டர் ஊழியர்கள் வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தார்கள். வேலை 13 வீதம் கூடியது. ஆனால் ஒரே அளவு திறமை காட்டியவர்களில் வீட்டில் இருந்தவருக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. சோதனை முடிந்தபோது அவர்களில் பாதிப் பேர் ஒபிஸுக்குத் திரும்ப விரும்பினார்கள், தனிமை ஒரு பெரிய காரணம்.

அந்தப் பதவி உயர்வு விடயம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. நம் கம்பனிகளில் கண் முன்னால் இருப்பவரின் பெயர்தான் முதலில் ஞாபகம் வரும். வீட்டு நாட்களை முழுக்க எடுப்பவர் யார் என்று பார்த்தால், சின்னப் பிள்ளை இருக்கும் பெண்கள், வத்தளைக்கு அப்பாலிருந்து பயணம் செய்பவர்கள், வயதான பெற்றோரைப் பார்ப்பவர்கள். வருட மதிப்பீட்டில் அவர்கள் பின்னால் தள்ளப்பட்டால், கொடுத்த சலுகைக்கு வட்டியோடு விலை வாங்கியதாகிவிடும். மதிப்பீடு முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒபிஸில் அதிகம் இருப்பவர், வீட்டில் அதிகம் இருப்பவர் என்று பிரித்து, சம்பள உயர்வும் பதவி உயர்வும் எப்படிப் போயிருக்கின்றன என்று ஒரு தாளில் போட்டுப் பணிப்பாளர் முன் வையுங்கள். எழுபது பேருக்கு ஒரு மாலை வேலை. பெண்கள் என்றால் வீட்டைத்தான் விரும்புவார்கள் என்று முகாமையாளர்கள் தாங்களாகவே தீர்மானிப்பதையும் நிறுத்துங்கள். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று மாமியாரும் மகனும் ஒரே நேரத்தில் கூப்பிடும் வீட்டைவிட்டு ஒபிஸுக்கு வந்தால்தான் மூச்சு விடலாம் என்று என்னிடம் சொன்ன பெண்கள் பலர்.

புதியவர்கள் விடயத்தில் பணிப்பாளர் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டயக் கணக்காளர் பயிற்சியில் இருக்கும் பிள்ளை, மூத்தவர் ஒருவர் லெட்ஜரைப் பார்த்து எங்கே புருவத்தைச் சுருக்குகிறார் என்பதைப் பார்த்துப் படிக்கிறது. அதைக் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்க முடியாது. முதல் ஆறு மாதம் புதியவர் அதிகம் ஒபிஸில் இருக்கட்டும். ஆனால் அவர் வரும் நாளில் அவருக்குப் பொறுப்பான மூத்தவரும் வரவேண்டும், இதைத் தவறாமல் எழுதுங்கள். புதியவரைத் தனியாக ஒபிஸில் இருத்திவிட்டு மூத்தவர் வீட்டிலிருந்து ஸூமில் பேசுவதுபோல வீணான காரியம் வேறில்லை.

கண்காணிப்பு மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. ஐந்து நிமிடத்துக்கொருமுறை திரையைப் படம்பிடிப்பது, கீபோர்ட்டை எண்ணுவது போன்றவற்றைப் பணிப்பாளர் கேட்பார். வேண்டாம். வீட்டில் எடுக்கும் படத்தில் வேலை மட்டும் விழாது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. அதைவிட முக்கியம், அது வேலையை அளப்பதில்லை, இருக்கையை அளக்கிறது. இந்த வாரம் எத்தனை வங்கி இணக்கம் (வங்கிக் கூற்றைக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) முடிந்தது, எத்தனை திரும்பி வந்தது என்று முகாமையாளர் சொல்லமுடியாவிட்டால், பயிற்சி தேவைப்படுவது முகாமையாளருக்கு. அதற்கு நேரமும் காசும் ஒதுக்குங்கள்.

தரவுக்கு வேண்டியது வேறு: கம்பனி லப்டொப்பில் மட்டும் வேலை, வீட்டில் பிரின்ட் எடுக்கக்கூடாது, பிள்ளைகளுக்கு லப்டொப் கொடுக்கக்கூடாது. அதோடு, நம் ஆட்களுக்கே உரிய ஒன்று. ரொறன்ரோவில் அக்கா, லண்டனில் சித்தப்பா. "இரண்டு மாதம் போய் நின்றுகொண்டு அங்கிருந்தே வேலை செய்கிறேன்" என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வேலை செய்வதும் ரொறன்ரோவிலிருந்து வேலை செய்வதும் ஒன்றல்ல. விசா நிபந்தனை, அந்நாட்டு வரி, தரவு எந்த நாட்டிலிருந்து திறக்கப்படலாம் என்று வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் உள்ள வரி, மூன்றும் குறுக்கே வரும். நாட்டுக்குள் எங்கும் சரி, நாட்டுக்கு வெளியே எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு நாளும் இல்லை என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

வீட்டிலிருந்து செய்யவே முடியாத வேலைக்காரர்களும் உங்களிடம் இருக்கிறார்கள். சாரதி, வரவேற்பில் இருப்பவர், துப்புரவு செய்பவர், ஒபிஸ் உதவியாளர். கொள்கை அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. மற்றவர்கள் இரண்டு நாள் பஸ் காசை மிச்சம் பிடிக்கும்போது இவர்கள் ஐந்து நாளும் வருகிறார்கள், பல இடங்களில் சனிக்கிழமையும். பயணக் கொடுப்பனவோ, மாதத்தில் ஒரு சனி விடுப்போ, ஏதாவது ஒன்று அவர்களுக்கும் இருக்கவேண்டும். கொள்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கொடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்துவிட்டு எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள் என்று ஆறுதல் அடையவேண்டாம்.

கடைசியாக, ஐந்து நாள் என்ற பிடிவாதத்துக்கு என்ன செய்வது? மூன்று மாதச் சோதனை என்று கேளுங்கள். எதைப் பார்ப்போம் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள்: திரும்பி வந்த வேலைகள், வாடிக்கையாளர் முறைப்பாடு, விலகியோர், மேலதிக நேரம். நாலு போதும். மூன்று மாத முடிவில் எண்கள் பணிப்பாளர் பக்கம் இருந்தால் நாட்களைக் கூட்டுவதற்கு நீங்கள் தயாராக இருக்கவேண்டும். அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அப்போதுதான் அவர் நம்புவார்.

என்ன முடிவு வந்தாலும், ஆட்களைத் திரும்பக் கூப்பிட குறைந்தது மூன்று மாத அறிவித்தல் இருக்கட்டும். மட்டக்களப்பு, ஹட்டன், வவுனியாப் பிள்ளைகள் பலர் இந்த ஏற்பாட்டை நம்பிக் கொழும்பில் போர்டிங்கை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். திரும்பி வரவேண்டுமென்றால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை தேடவேண்டும், அட்வான்ஸ் கட்டவேண்டும், ஊரில் அம்மாவைப் பார்க்க ஆள் ஒழுங்குபடுத்தவேண்டும். "அடுத்த திங்கள் முதல்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் அவர்களால் முடியாது. கெட்டித்தனமானவர் விலகுவார், வழியில்லாதவர் கடன் வாங்கிக்கொண்டு வருவார். அவர்கள் எத்தனை பேர், எந்த ஊர், போர்டிங் இருக்கிறதா என்று இந்த வாரமே ஒரு பட்டியல் எடுங்கள். பணிப்பாளரோடு பேசப் போகும்போது வரைவின் முதல் பக்கத்துக்கு மேல் அந்தப் பட்டியலை வையுங்கள்.